ஏற்றத்தில் வராத வலி

சேசு மரி சூசை துணை

பூனாகலை,
18.09.2007

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு,

உங்கள் தங்கை இருதயம்மாவின் புருஷன் யாகோப்பு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வத்தளையில் எல்லோரும் சுகம் என்று நீங்கள் எழுதினால் நான் நம்புகிறேன். இங்கே நான் சுகமில்லை என்று எழுதினால் நீங்களாவது நம்ப வேண்டும். போனில் சொல்லியிருப்பேன், உங்கள் தங்கை பக்கத்திலேயே நிற்பாள்.

விஷயம் என் கால். இறக்கத்தில் நூறு அடி நடந்தால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் எரிகிறது. ஏற்றத்தில் ஒன்றுமே இல்லை, அதுதான் என் கஷ்டகாலம். ஏனென்றால் கோயில் மேலே இருக்கிறது, கடை கீழே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குனிந்தபடி விறுவிறுவென்று ஏறிப் பூசைக்கு முதல் ஆளாய் நிற்கிறேன்; சாமியார் பிரசங்கத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, விசுவாசம் இருந்தால் கால் தானாக நடக்கும் என்று சபைக்குக் காட்டிவிட்டார். திங்கட்கிழமை தேங்காய் வாங்கப் போனால் பாதி இறக்கத்தில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "சாமிகிட்ட போக கால் இருக்கு, தேங்கா வாங்க கால் இல்லியா?" என்கிறாள் உங்கள் தங்கை.

பதுளையில் டொக்டர் கீர்த்திகன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எம்.ஆர்.ஐ. படம் எடுக்கக் கண்டிக்கு அனுப்பினார். பஸ்ஸில் ஆறு மணித்தியாலம் உட்கார்ந்து போனேன், வலியே வரவில்லை. "உக்காந்தா வலிக்காது, ஏறுனா வலிக்காது, வேல சொன்னா மட்டும் வலிக்கும். நல்ல வியாதிங்க" என்றாள் கூட வந்த உங்கள் தங்கை, முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிஷினுக்குள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கப் போட்டார்கள், அங்கேயும் வரவில்லை. மச்சான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அந்த டமடம சத்தத்துக்குள் நான் செபமாலை சொன்னது படம் மோசமாக வர வேண்டும் என்றுதான். நல்லபடியாக வந்தால் மிச்ச ஆயுசுக்கும் நான் இவளுக்கு நடிகன்.

செபம் கேட்கப்பட்டது. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்குகிற பாதையில் அவற்றைச் சுற்றித் தண்ணீர் வெள்ளையாகத் தெரிய வேண்டுமாம். அது எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து லேசு, நடுத்தரம், கடுமை என்று தரம் பிரிப்பார்களாம். "உங்களுக்குத் தண்ணியே தெரியேல்லை ஐயா. நரம்பெல்லாம் ஒண்டோட ஒண்டு நெருக்குப்பட்டுக் கிடக்கு. இது கடுமையான தரம், ஒப்பரேசன் செய்யலாம். குனிஞ்சா பாதை கொஞ்சம் திறக்கும், நிமிர்ந்தா ஒடுங்கும். அதுதான் ஏத்தத்தில சுகம், இறக்கத்தில வருத்தம்" என்றார். தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தேயிலையைச் சலித்துத் தரம் பிரித்தவன் நான். கடைசித் தரம் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

மருந்து வரிசையில் நின்றதால் இவள் இதைக் கேட்கவில்லை. வீட்டில் படத்தை ஜன்னலில் வைத்துக் காட்டினேன். "கால் மரத்தா ஒரு கல்லுல குனிஞ்சு உக்காந்து எந்திரிச்சா போயிரும். இதுக்குப் போயி ஆபரேசனா?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். இவளுக்கு எல்லாம் விளையாட்டு. என் கால் நன்றாக இருந்த காலத்தில் இவளோடு கடைக்கு இறங்கினால் கல்லுக்குக் கல் உட்கார்ந்து பெண்களோடு பேச்சு. நான் முன்னால் போய் நின்று கத்த வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு என் வேதனை எங்கே தெரியப்போகிறது? நாளை இவளையும் டொக்டரிடம் கூட்டிப் போகிறேன், அவர் வாயாலேயே கேட்கட்டும். நீங்கள் ஒருதரம் வந்து, அண்ணன் என்கிற முறையில் நன்றாகத் திட்டிவிட்டுப் போங்கள். எனக்குத் தெம்பில்லை.

உங்களுக்கும் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் மாதா காவலிருக்கட்டும், முக்கியமாக இறக்கங்களில்.

இப்படிக்கு,
களைத்துப்போன
யாகோப்பு

பின்குறிப்பு: பதுளையில் தபாலில் போடலாம் என்று இதைக் கொண்டுபோனேன். டொக்டரிடமும் இவள் அந்தக் கல் வைத்தியத்தைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். "எனக்கு அஞ்சு வருசமா அப்பிடித்தாங்க. எறங்கையில கால் மரத்துப்போறது எல்லாருக்கும் உள்ளதுன்னு நெனச்சேன். இவருதான் அத ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு" என்றாள். மச்சான், கல்லுக்குக் கல் இவள் உட்கார்ந்தது பேச்சுக்காக இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கண்டியில் இவளுக்குப் படம். லேசு என்று வர வேண்டும் என்று இப்போதே செபமாலை எடுத்துவிட்டேன். நீங்கள் கட்டாயம் வாருங்கள், ஆனால் இவளைத் திட்ட வேண்டாம். முன்னால் போய் நின்று கத்தியவன் இங்கேதான் இருக்கிறேன்.