ஆட்டுமலையில் மலையேற்றம்

மலை நகரங்களுக்கு வரும் பயணிகள் சைக்கிளில் ஊர் சுற்றிப் பார்க்க மிதிவண்டிச் சுற்றுலா இயக்ககம் ஒரு திட்டம் வகுத்தது. பெயரில் ‘மலை’ இருக்கும் ஊர்களையெல்லாம் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்தது. புதூர்ப் பக்கத்து ஆட்டுமலை மலை நகரமானது அப்படித்தான். அந்த ஊரில் தண்ணீர்த் தொட்டியை விட உயரமான எதுவும் கிடையாது. சுற்றிலும் தோசைக்கல் மாதிரி கரிசல் காடு.

திட்ட அலுவலர் உமாதேவி ஜீப்பில் வந்து இறங்கி, மலை எங்கே என்று கேட்டார். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவில் வந்திருந்த ஜெயபாண்டிதான் பதில் சொன்னான்.

“மலை கிடையாது மேடம். பேருதான் அப்படி.”

உமாதேவி உத்தரவை இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தார். “மலை நகரம் என்று அறிவித்தாகிவிட்டது. மலை இல்லாதது உங்கள் ஊர்க் குறைபாடு. அதற்கு அரசு பொறுப்பாக முடியாது.”

அதே மூச்சில், ஊரில் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் என்பதால் அவனையே மலை வழிகாட்டியாக நியமித்தார். ஜெயபாண்டியின் மனைவி கற்பகம் மாசமாக இருந்தாள். அவளை விட்டுவிட்டுத் திருப்பூர் போக அவனுக்கு மனசில்லை.

“சரியாப் பாத்தா லேசா ஒரு மேடு தெரியத்தான் செய்யுது மேடம்” என்றான்.

கண்மாயில் அள்ளிய கரம்பை மண்ணைக் குவித்துச் சிகரம் ஒன்று நிறுவப்பட்டது. இருபத்தொரு கியர் சைக்கிள்கள் வந்தன. மலைப் பணியாளர் விதிப்படி வழிகாட்டிக்குக் கம்பளி ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் கட்டாயம். கத்திரி வெயிலில் அவன் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது, இந்த ஊரில் யாருக்குத்தான் குளிருகிறது என்று கற்பகம் கேட்டாள். அவன் சொன்ன பதில் வெளியே கேட்கவில்லை. குல்லாய் வாயை மூடியிருந்தது.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பயணிகள் வந்தார்கள். கரம்பைச் சிகரத்தில் ஏறி நின்று, வேலிக்கருவை முள்காட்டைப் பார்த்து மூச்சை இழுத்து, மலைக்காற்றே தனி என்றார்கள்.

மலைக்காற்றைப் பாதுகாக்க வேண்டுமல்லவா? புகை விடும் வாகனங்கள் ஊருக்குள் வரக்கூடாதென்று அடுத்த உத்தரவு வந்தது. டவுன் பஸ், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கோடு நின்றுகொண்டது. ஊர் கூடி மனுக் கொடுத்தது. பஸ் தேவைப்படுவோர் சமவெளிக்குக் குடிபெயரலாம் என்று பதில் வந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை கற்பகத்துக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் விலக்கிலேயே நின்றுவிட்டது. ஜெயபாண்டி அவளைச் சுற்றுலா சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளினான். கரிசல் சேறு சக்கரத்தில் அப்பி, பத்தடியில் சைக்கிள் அசைய மறுத்தது. இருபத்தொரு கியரும் பார்த்தாகிவிட்டது. கடைசியில் பக்கத்து வீட்டுச் செல்வமாரியும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து சைக்கிளோடு அவளைத் தோளில் தூக்கினார்கள். வழியெல்லாம் அவள் ஜெயபாண்டியின் ஸ்வெட்டரைக் கடித்துக்கொண்டே போனாள். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது பெரிய காரியம் என்று டாக்டரம்மா சொன்னார்.

கற்பகத்தைச் சேற்றில் தூக்கிப் போனபோது சிகரத்தில் நின்ற பயணி ஒருவர் அதை படம் பிடித்துப் போட்டுவிட்டார். நாடே பார்த்தது. சைக்கிளில் தான் உட்கார, நாலு பேர் தூக்கிக்கொண்டு சேற்றில் நடப்பதே நாகரிகம் என்றாகிவிட்டது. இயக்ககம் அதற்கு ‘மரபுவழிச் சுமப்புலா’ என்று பெயர் சூட்டியது. தூக்கும் வேலைக்கு ஊரில் அடிதடி நடந்தது. ஜெயபாண்டி தலைமைச் சுமப்பாளர் ஆனான்.

எங்கேயோ யாருக்கோ மனச்சாட்சி உறுத்தியிருக்க வேண்டும். தார் ரோடு போட ரோலர் வந்தது. ஊரே திரண்டு மறித்தது. முன்வரிசையில் ஜெயபாண்டி நின்றான்.

உமாதேவிக்கே ஆச்சரியம். “உன் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடினாயே, ரோடு வேண்டாமா?”

“ரோடு வந்துட்டா சேறு எங்கன இருக்கும் மேடம்? சேறு இல்லாம யாரு வருவா?”

ரோலர் திரும்பிப் போனது. சேற்றைப் பாதுகாக்க ஒரு குழு அமைந்தது.

மறுவாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட கற்பகம் தனியாகக் கிளம்பினாள். கணவன் அதே வழியில் ஒரு பெங்களூர்க்காரரைச் சைக்கிளோடு சுமந்துகொண்டிருந்தான். தோளில் பிள்ளையும் கையில் செருப்புமாக அவள் முழங்கால் சேற்றில் விலக்கை நெருங்கும்போது பஸ் வந்து நின்றது. பின்னாலிருந்து ஒரு பயணி கூப்பிட்டார். படம் தெளிவாக விழவில்லையாம். கொஞ்சம் திரும்பிப் போய் மறுபடி நடந்து வர முடியுமா என்று கேட்டார்.

“பஸ்ஸு போயிருமே” என்றாள் கற்பகம்.

பெங்களூர்க்காரருக்கு அடியிலிருந்து ஜெயபாண்டி தலையை நீட்டினான். “ஏட்டி, விருந்தாளிங்க கேக்காவ. நடந்துட்டு வா.”

அவள் திரும்பிப் போய் நடந்து வந்தாள். இந்தத் தடவை படம் மிக அருமையாக வந்திருந்தது. பஸ்ஸின் புகைகூட அதில் விழவில்லை.