பாதியில நின்ன பி.எஃப். பேச்சு

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். கடை ஆளுங்களைக் கூப்பிட்டு, "இந்த மாசத்துலருந்து பி.எஃப். புடிக்கிறோம்"னு சொல்லணும். அவ்வளவுதான்.

பெரிய காஞ்சிபுரத்துல எனக்கு ஒரு பட்டுப்புடவைக் கடை. போன மாசம் புதுசா ஒரு ஆளைச் சேர்த்தேன். உடனே ஆடிட்டர் போன் போட்டாரு. "பாய், இருபது பேர் ஆயிடுச்சு. இனிமே பி.எஃப். கட்டாயம். அவங்க சம்பளத்துல புடிக்கிற அளவுக்கு நீங்களும் போடணும்."

போடறதுதான் போடறோம், நாலு நல்ல வார்த்தையோட சொல்லுவோமேன்னு நெனச்சேன். அங்கதான் வம்பே ஆரம்பம்.

காலையில கடை தெறந்ததும் எல்லாரையும் நிக்க வெச்சேன். கண்ணாடி முன்னாடி ஒத்திகை வேற பார்த்துட்டு வந்திருந்தேன்! தொண்டையைச் செருமிக்கினு ஆரம்பிச்சேன்.

"இந்தக் கடைக்காக எவ்வளவோ உழைச்சீங்க. ஒரு நாள் எல்லாரும் இங்கருந்து போய்த்தான் ஆகணும். போறப்போ யாரும் வெறுங்கையோட போகக்கூடாது. அதனால நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன்..."

போன் அடிச்சுது. ஆடிட்டர்!

"பாய், ஒரு கையெழுத்து பாக்கி. ஓடியாங்க."

"இருங்க, மிச்சத்தை வந்து சொல்றேன்"னு வண்டியை எடுத்தேன்.

அங்க போனா சர்வர் படுத்துக்கிச்சு. அது எழுந்து உக்கார்றதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு.

மொதல் போன் வீட்டுக்காரம்மா. "ஏங்க, கடையை மூடுறீங்களாமே? கட்டுன பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாரு சொன்னது?"

"மீன் வாங்கப் போன எடத்துல சொல்றாங்க!"

அடுத்தது கட்டட ஓனர். "நல்ல பார்ட்டி ஒண்ணு ரெடியா இருக்குது பாய். சாவி எப்ப தருவீங்க?"

அடிச்சுப் புடிச்சு ஓடினேன். கடை வாசல்ல செருப்பு விட எடமில்ல. தீபாவளிக்குக்கூட எனக்கு இவ்வளவு கூட்டம் வந்ததில்ல! "வரிசையில வாப்பா, தள்ளுபடி எல்லாருக்கும்தான்"னு ஒரு அம்மா என் சட்டையைப் புடிச்சு இழுக்குது. என் கடை வாசல்ல!

உள்ள சரளாக்கா. சேல்ஸ்ல அவங்கதான் சீனியர். கண்ணைத் துடைச்சுக்கினே புடவை விரிக்கிறாங்க.

"நீங்க பேசுனப்பவே தெரிஞ்சுபோச்சு பாய். அழுதுக்கினு நின்னோம், கஸ்டமருங்க ஏன்னு கேட்டாங்க, சொல்லிட்டோம். எதிர்க்கடையில எங்க எல்லாருக்கும் வேலை கேட்டு வெச்சிருக்கிறேன்."

"ஐயோ அக்கா! நான் சொல்ல வந்தது பி.எஃப்.!"

"பி.எஃப்.ஆ? அதை மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" அழுகை டக்குனு நின்னுச்சு. "உங்க பங்கையும் எங்க சம்பளத்துலதானே கழிப்பீங்க?"

"இல்லக்கா. அப்படிக் கழிச்சா சட்டப்படி தப்பு. என் பங்கு என் பாக்கெட்டுலருந்துதான்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "அப்ப முடிவு எடுத்தது நீங்களா, சட்டமா?"

நான் அவசரமா ஒரு புடவையை மடிச்சேன்.

அக்கா சிரிச்சுட்டாங்க. எதிர்க்கடைக்குப் போன் போட்டு, "நாங்க வரலப்பா"ன்னாங்க. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு.

ஆனா கூட்டத்துக்கு யாரு சொல்றது? ஸ்டூல் மேல ஏறி நின்னு கத்தினேன். "கடையை மூடல! மூடவே இல்ல!"

"மூடறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க"ன்னுச்சு சட்டையைப் புடிச்ச அம்மா. "எத்தனை பர்சென்ட்டு, அதைச் சொல்லு."

வாசல் வரைக்கும் ஆளுங்க. தப்பிச்சுப் போகக்கூட வழியில்ல. "பத்து"ன்னேன்.

மூடாத கடைக்கு மூடுவிழாத் தள்ளுபடி குடுத்த ஒரே பட்டு வியாபாரி அனேகமா நான்தான்.