டிகிரி அண்ணனும் மூன்று விளக்குகளும்

சூரியனை மேற்பார்வை பார்க்க மலாக்கா மாநிலத்தில் ஓர் உத்தியோகம் இருந்திருந்தால், அது எங்கள் டிகிரி அண்ணனுக்குத்தான் கிடைத்திருக்கும். சம்பளம் தராவிட்டாலும் அவர் வேலைக்கு வந்திருப்பார்.

தெங்கேராவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் வக்கீல் ஆபீஸ். அவர் கணக்குப் பிரிவு, நான் கோப்பு எழுதும் கிராணி. அவர் வாங்கிய பட்டம் எதுவும் கிடையாது. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் அவர் தெர்மாமீட்டர் செருகியிருப்பார். அதனால் வந்த பெயர். மாமாக் டீக்கடையில் நுரை பொங்கும் தே தாரிக் வந்தால் முதல் வாய் குடிப்பது தெர்மாமீட்டர்தான்.

"தம்பி, நேத்து எழுபது இருந்திச்சி. இன்னிக்கி அறுபத்தஞ்சுதான். அடுப்ப கொஞ்சம் கவனி லா!"

டுரியான் துங்காலில் ஒரு கல்யாணத்தில் அதை ரச வாளிக்குள் விட்டுவிட்டார். சமையல்காரர் கரண்டியோடு துரத்த, பந்தியைச் சுற்றி ஓடிக்கொண்டே, "எண்பத்திரெண்டு! நல்ல ரசம்! நல்ல ரசம்!" என்று கத்தினார். மொய் வைத்தவர்களை மறந்துவிட்ட மாப்பிள்ளை, இவரை மட்டும் இன்னும் விசாரிக்கிறார்.

இப்படிப்பட்டவர் இருந்த ஆபீஸில்தான் ஏர்கோன் சண்டை நடந்தது.

ராணி அக்காவின் மேசை மேற்குப் பக்க ஜன்னலோரம். மதியத்துக்கு மேல் வெயில் அவர் முதுகில் அப்பளம் பொரிக்கும். சரஸ் ஆன்ட்டியின் நாற்காலியோ நேராக ஏர்கோனுக்குக் கீழே. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்த ஆன்ட்டி, ஸ்வெட்டர், சால்வை, காலுறை எல்லாம் அணிந்து, பனிமலை ஏறப் போகிறவர்போல் உட்கார்ந்திருப்பார். அக்கா ரிமோட்டை எடுத்துப் பதினாறில் வைப்பார். அவர் பாத்ரூம் போனதும் ஆன்ட்டி இருபத்தாறில் வைப்பார்.

"என்னை ஐஸ் பெட்டிக்குள்ள வச்ச மாதிரி இருக்குது பாருங்கோ!"

"இங்க நான் வெந்து சாகுறேன், அது யாருக்கும் தெரியல!"

கடைசியில் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. எதிரெதிர் மேசைக்காரர்கள், ஒருவர் முடித்த கோப்பு அடுத்தவருக்குப் போக வேண்டும். "அவங்ககிட்ட குடு", "அவவிட்ட கேளும்" என்று நடுவில் நான் தூது போனேன். டுரியான் துங்காலில் வேறு வேலை பார்க்கப்போவதாக அக்கா சொன்னார். முன்கூட்டியே ரிட்டயர் ஆகப்போவதாக ஆன்ட்டி சொன்னார். அந்த இரண்டு பேரும் போய்விட்டால் பாஸ் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான்.

டிகிரி அண்ணன் ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து ஓர் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தார். உள்ளே சின்ன சர்க்யூட், முகப்பில் மூன்று விளக்குகள். குளிர் அதிகமானால் நீலம், சூடு அதிகமானால் சிவப்பு, அளவாக இருந்தால் பச்சை. சூட்டைப் பார்த்துச் சொல்லும் சென்சர், மிளகு அளவில் கறுப்பாக, நீளமான வயரில் டப்பாவுக்குக் கீழே வால்போலத் தொங்கியது. யார் கையும் படாமலிருக்க டப்பாவை நடுச்சுவரில் உயரமாக மாட்டினார்.

"பச்ச எரிஞ்சா ரிமோட்ட யாரும் தொடக் கூடாது. சரியா?"

இருவரும் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அதன் பிறகு நடந்ததை எந்த விஞ்ஞானியும் நம்ப மாட்டார். பச்சை எரிந்தால் அக்காவுக்கு வியர்க்கவில்லை, ஆன்ட்டிக்கு நடுங்கவில்லை. உடம்பைக் கேட்பதை விட்டுவிட்டு இருவரும் விளக்கைக் கேட்கப் பழகிவிட்டார்கள். ஒரு நாள் அக்கா கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் பாதி, தூது இல்லாமலேயே ஆன்ட்டியின் மேசைக்குப் போனது.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, விளக்குகளுக்குப் பைத்தியம் பிடித்தது. நீலம், சிவப்பு, பச்சை மூன்றும் மாறி மாறிச் சிமிட்டின. நீலத்தைப் பார்த்து ஆன்ட்டி சால்வையை இழுத்துப் போர்த்தினார். சிவப்பைப் பார்த்து அக்கா கோப்பால் விசிறிக்கொண்டார். மத்தியானத்துக்குள் ரிமோட் இரண்டு தடவை காணாமல் போனது.

பாஸ் வெளியே வந்தார். "டிகிரி, இன்னிக்குள்ள இத சரி பண்ணு. இல்லாட்டி நானே குப்ப தொங் சம்பாவுல தூக்கிப் போட்டுடுவேன்."

அண்ணன் டப்பாவை இறக்கி மேசையில் வைத்தார். முதலில் விளக்குகளின் மேல் சந்தேகம். புது விளக்கு ஒன்றை எடுத்து, மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரை மறந்துவிட்டு நேராக இணைத்தார். 'டப்'பென்று வெடித்தது. அடுத்து அடாப்டர் மேல் சந்தேகம். பாஸின் சார்ஜரைக் கேட்காமல் பிடுங்கி மாட்டினார். பாஸின் போன்தான் செத்தது. விளக்குகள் முன்னைவிட உற்சாகமாகச் சிமிட்டின. அடுத்து எங்கள் மேல் சந்தேகம். "யாரும் மூச்ச இந்தப் பக்கம் விடாதீங்க!"

கடைசியில் உடம்புச் சூட்டை வைத்துச் சோதிப்பதென்று முடிவு செய்தார். எல்லாருக்கும் தெரிந்த சூடு அது ஒன்றுதானே. சென்சரை வயரோடு இழுத்துச் சட்டைக்குள் விட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து, பெம்பானிலிருந்து ஒரு பெரியவர் நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தார். சட்டைக்குள்ளிருந்து வயர், வயரின் முனையில் பெட்டி, பெட்டியில் சிமிட்டும் விளக்குகள். பெரியவர் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயாவுக்கு ஹார்ட்டா மா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே அலறினார். "ஐயோ, ரத்தம் வருது!"

அண்ணனின் வெள்ளைச் சட்டையில், அக்குளுக்குக் கீழே செக்கச்செவேலென்று ஈரம். ராணி அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். சரஸ் ஆன்ட்டி தன் சால்வையை உருவி அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. சென்சரை மெதுவாக வெளியே எடுத்தார், பார்த்தார், பிறகு மோந்தார்.

"ரத்தம் எங்கியாச்சும் சந்தனம் மணக்குமா?"

எல்லாரும் சுற்றிலும் பார்த்தோம். அங்கிருந்த பிரிண்டர், ஸ்டேப்ளர், கால்குலேட்டர் எல்லாவற்றின் நெற்றியிலும் பொட்டு இருந்தது. முந்தின வெள்ளிக்கிழமை ஆயுத பூசை.

"யாரு இதுக்குப் பொட்டு வச்சது?"

ராணி அக்கா தரையைப் பார்த்தார். "நான்தான் அண்ணே. நம்ம ஆபீஸ்ல சண்டைய நிறுத்துன மிஷினு ஆச்சேன்னு... டப்பா எட்டல, வால்தான் எட்டிச்சி."

சரஸ் ஆன்ட்டி தொண்டையைச் செருமினார். "நானும் வச்சனான். ஆரும் பாக்காத நேரம், ஒரு சின்னப் பொட்டு."

சென்சரின் மூன்று கம்பிக் கால்களும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இரண்டு பேரின் பக்தியும் சேர்ந்து, சந்தனமும் குங்குமமுமாக அப்பி, ஈரத்தோடு மூன்றையும் ஒட்டவைத்திருந்தது. எது குளிர், எது சூடு என்று அதற்கே தெரியாமல் போனதில் என்ன ஆச்சரியம்.

ஆன்ட்டிதான் முதலில் சிரித்தார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். விஷயம் புரியாத பெரியவரும் ஒரு பாதுகாப்புக்காகச் சிரித்துவைத்தார். அண்ணன் மட்டும் சிரிக்காமல், பழைய பல் பிரஷ்ஷால் சென்சரைத் தேய்த்துத் துடைத்து விசிறியடியில் காயவைத்தார்.

"பொட்டு வைங்க, வேணாங்கல. டப்பா மேல வைங்க லா. அதோட மூக்க அடைச்சா அது எப்படி மூச்சு விடும்?"

பச்சை எரிந்தது. அசையாமல் எரிந்தது.

போன வருஷம் அண்ணன் ரிட்டயர் ஆகி பெம்பானில் இருக்கும் வீட்டோடு இருந்துவிட்டார். அதிலிருந்து மாதம் ஒரு முறையாவது டப்பா "கெட்டுப்போகிறது". ராணி அக்கா போன் போடுவார். பின்னால் நின்று சரஸ் ஆன்ட்டி, "மூண்டும் சிமிட்டுதெண்டு சொல்லும்" என்று எடுத்துக்கொடுப்பார். மறுநாள் காலையிலேயே அண்ணன் வந்துவிடுவார். டப்பாவைத் திறந்து வெகுநேரம் உற்றுப் பார்ப்பார். ஒரு ஸ்குரூவைக் கழற்றி, அதையே திரும்ப மாட்டுவார். "இப்ப சரியாயிடுச்சி" என்பார். பிறகு சாப்பாட்டு நேரம் வரை எங்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

டப்பா கெடவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சென்ற வாரம் அவர் டூல்ஸ் பையைக் கொண்டுவரவே இல்லை. கையில் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம் மட்டும் இருந்தது.