வெண்மணல் சோடா

மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில், சவுக்குத் தோப்புக்கு மேலே, விளம்பரப் போர்டில் சதாசிவத்தின் முகம் ஒரு வீட்டு அகலத்துக்கு நின்றுகொண்டிருந்தது. தோளில் மீன்வலை. கையில் கண்ணாடிப் பாட்டில். இடுப்பில் எவனுடையதோ ஒரு லுங்கி.

“யோவ், நீ எப்பய்யா மீன் புடிச்ச?” என்றாள் அவன் மனைவி வேண்டா. பஸ்ஸிலிருந்து போர்டைப் பார்த்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தாள்.

“கம்பெனில போட்டோ புடிச்சாங்க. ஆபீஸ் உள்ள மாட்டுவாங்கன்னு நெனச்சேன்.”

“சம்மந்தி தெனம் அந்த வழியாத்தான் வண்டில போறாரு. அது தெரியுமா?”

சதாசிவம் பாதிச் சோற்றில் கை கழுவினான்.

செய்யூர்ப் பக்கம் வெண்மணல் ஜின் தயாராகும் ஆலையில் அவனுக்கு அண்டா பார்க்கிற வேலை. சீமையிலிருந்து வரும் ஜூனிபர் காய் மூட்டையையும், நம்மூர்த் தனியாவையும், எலுமிச்சைத் தோலையும் சுமந்துபோய்ச் சாராயத்தோடு செப்பு அண்டாவில் கொட்டி, அனல் முகத்தில் அடிக்க நாளெல்லாம் நிற்க வேண்டும். அந்த ஆவி குளிர்ந்து சொட்டுவதைத்தான் பாட்டிலில் அடைத்து, கழுத்தில் சணல் கட்டிப் பணக்காரர்களுக்கு விற்கிறார்கள். சதாசிவம் அதை நாக்கில் வைத்ததில்லை. கல் உடைத்தும் கடலை பிடுங்கியும் இடுப்பு விட்டுப்போனவனுக்குக் கூரைக்குக் கீழே நிற்கிற வேலையே பெரிய உத்தியோகம். ஆனால் வாசனை மட்டும் எந்தச் சோப்புக்கும் மசியாமல் உடம்போடு வீட்டுக்கு வரும்.

‘சாராயக் கம்பெனிக்காரன் வூட்டுப் பொண்ணு’ என்று மகள் ரேணுகாவுக்கு வந்த இரண்டு இடம் தட்டிப்போயிற்று. மூன்றாவது இடம் புதுப்பட்டினம் சிவப்பிரகாசத்தின் மகன் ஹேமந்த். மறைமலைநகருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ரேணுகாவோடு போகிறவன். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. இது தட்டினால் வேறு யாரையும் பார்க்காதே என்று மகள் சொல்லிவிட்டாள்.

சிவப்பிரகாசத்துக்கு நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம். அதைப் பார்த்ததுமே சதாசிவம் “ஒரு கம்பெனில ஆப்பரேட்டரு” என்று சொல்லி வாயை மூடிக்கொண்டான். எந்தக் கம்பெனி என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை விளம்பரம் பார்க்கிற வைஷாலியின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

“மேடம், அந்த போர்ட எறக்கிடுங்க. பொண்ணு கல்யாணம் நின்னுடும்.”

“ஏன் அண்ணா? அதுல ஜின்னுன்னு எங்கயுமே இல்லையே. மதுவுக்கு விளம்பரம் பண்ணக் கூடாது. அதான் ‘வெண்மணல் சோடா’ன்னு போட்டிருக்கோம். பேரு மனசுல நின்னா போதும்.”

“நாம சோடா போடறமா? எங்க?”

“போர்டுலதான்.”

“சரி, எனக்கு எதுக்கு வல?”

“கடலோடிகள் கைபட்ட பானம். அதான் நம்ம கதை.”

“நான் கடல புடுங்கினவன் மேடம். கடல்ல கால் வச்சதே கெடையாது.”

“முகம் பொருத்தமா இருந்துச்சு அண்ணா. விடுங்க.”

அப்பாடா என்று திரும்பினான். சோடா கம்பெனி என்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? அன்று சாயங்காலமே சிவப்பிரகாசம் போன் செய்தார்.

“சம்மந்தி, போர்டு பாத்தேன். நீங்க வெண்மணல் கம்பெனியா?”

“ஆமாங்க. சோடா கம்பெனி.”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம். “சோடாதான. போர்டுலயே எழுதிக்கீதே. நிச்சயத்துக்கு எங்க ஒறமொற வருவாங்க. அவங்களுக்கு வேற சீரு செனத்தி ஒண்ணும் வேணாம். அந்தச் சோடா வச்சிடுங்க. பாட்டிலு அதே பாட்டிலா இருக்கட்டும்.”

“வச்சிட்டா போவுதுங்க” என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் அவனுக்கு வியர்த்தது.

“இல்லாத சோடாவ எங்கேர்ந்துய்யா குடுப்ப? போர்ட புழிஞ்சா?” என்றாள் வேண்டா.

மறுபடி வைஷாலி. படம் பிடிப்பதற்காகச் சோடா லேபிள் ஒட்டிய காலி பாட்டில்கள் இரண்டு பெட்டி அவளிடம் இருந்தன. தூக்கிக் கொடுத்தாள். அவற்றை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் சோடாக்கடைக்குப் போனான்.

கடைக்காரர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தக் கழுத்து நம்ம மிஷின்ல நிக்காது அண்ணாத்த. இன்னா இது, செண்டு பாட்டிலா?”

கடைசியில் பிளாஸ்டிக் பாட்டில் சோடா வாங்கிவந்து வீட்டில் புனல் வைத்து ஊற்றினான். முன்பு அதில் ஜின் இருந்திருந்தால்? அந்தப் பயத்தில் ஒவ்வொரு பாட்டிலையும் கொதிக்கிற தண்ணீரில் அலசினான். ஊற்ற ஊற்ற நுரை பொங்கித் தரையில் ஓடியது.

“கேஸெல்லாம் பூடுச்சி. இதுக்கு நம்ம போரு தண்ணியே போதும்” என்றாள் வேண்டா.

“வாயாடாத. கயிறு கட்டு.”

தன் உடம்பு வாசனைக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று பாட்டிலுக்குக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் தனியா ஊறிய தண்ணீரும் சேர்த்தான். வேண்டா சணலைக் கட்டி, மெழுகுவத்தியை உருக்கி மூடி மேல் விட்டாள். பார்த்தால் ஆலைச் சரக்கு தோற்றுப்போகும்.

நிச்சயதார்த்தத்தன்று செய்யூர் மண்டபத்துக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எண்ணெய் வைத்துச் சீவிய ஆண்தலைகளே அதிகம். ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் சிவப்பிரகாசத்தின் விபூதிக்குக் கீழே முகம் மலர்ந்தது.

“பெரிய மனசு சம்மந்தி ஒங்களுக்கு. பின்னாடி காத்தோட்டமா கீது. அங்க ஒக்காந்து குடிக்கிறோம்.”

பெட்டியோடு எல்லோரும் பின்பக்கம் போனார்கள். ஐயர் தட்டை எடுத்துவைத்துக் காத்திருந்தார். ரேணுகா பட்டுப்புடவையில் தலை குனிந்திருந்தாள்.

திரும்பி வந்தபோது ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒரு பெரியவர் ஏப்பம் விட்டார். ஒருவர் பஸ் டிரைவர் எங்கே என்று விசாரித்தார். தாம்பூலத் தட்டை யாரும் தொடவில்லை.

“சம்மந்தி,” என்றார் சிவப்பிரகாசம், ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டி, “பாட்டில்ல இன்னா ஊத்தி வச்சிக்கீறீங்க?”

 எவ்வளவு அலசியும் எந்தப் பாட்டிலிலோ நாலு சொட்டு ஜின் தங்கிவிட்டது என்று சதாசிவத்துக்குத் தோன்றியது. மகளைப் பார்த்தான். அவள் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. தட்டில் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

“சத்தியமா சொல்றேன் சம்மந்தி. ஒரு சொட்டு சாராயம் கெடையாது. என் கையால கழுவி என் கையால ஊத்தினேன். அத்தினியும் சுத்தமான சோடா.”

 வந்ததிலிருந்து வாயே திறக்காமல் பாயில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா சொர்ணம், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

“அதத்தான் அவுரும் கேக்கறாரு, ஜின்னு கம்பெனி சம்மந்தம்னு ஆச காட்டித்தான் ஒறமொறய பஸ்ஸு வச்சிக் கூட்டாந்தாரு, நீங்க இன்னாடான்னா நெசமாவே சோடாவ ஊத்தி வச்சிக்கீறீங்க.”