மீட்டரை விரட்டிய வீரன்

"இந்த வீட்டிலிருந்து இனிமேல் ஒரு சொட்டுத் தகவல்கூட வெளியே கசியாது!" என்று நான் பிரகடனம் செய்தபோது என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. என் வீரத்தைக் கண்டு வந்ததல்ல, வெங்காயத்தால் வந்தது.

நான் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். வீட்டிலிருந்தே வேலை. ஊரார் பிழையையெல்லாம் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, என்னிடம் மட்டும் பிழையே கிடையாது என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. "ஒரு நிமிஷம், வலிக்காது" என்று சிரித்துக்கொண்டே ஊசியை ஏற்றிவிடுவாள். சாயங்காலம் ஊசியை அங்கேயே வைத்துவிட்டுத்தான் வருவாள். சிரிப்பை மட்டும் கையோடு கொண்டுவருவாள்.

காலையில் எழுந்ததும் தொழில்நுட்பச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் பல்லே தேய்ப்பேன். டிவி நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறதாம். வீடு பெருக்கும் மெஷின், பெருக்குகிற சாக்கில் வீட்டுக்கு வரைபடம் போடுகிறதாம். எங்கள் வீட்டில் அந்த மெஷின் இல்லை. ஆனாலும் பயந்தேன். பயப்படுவதற்குச் சொந்தமாக மெஷின் வைத்திருக்க வேண்டுமா என்ன? மனைவி கொண்டுவந்திருந்த பிளாஸ்திரியை எடுத்து லேப்டாப் கேமராவில் ஒட்டினேன். மகள் போனிலும் ஒட்டினேன். கல்லூரி விழாவில் அவள் எடுத்த போட்டோ பூராவும் கும்மிருட்டு. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாட்டுக்கு உழைப்பவனுக்கு வீட்டில் மரியாதை ஏது!

தனியுரிமை மாதிரியே மின்சாரச் சிக்கனத்திலும் நான் தீவிரவாதி. அது ஆரம்பித்தது பாத்திரத்தில்.

"என்னங்க, பாத்திரம் கழுவற மெஷின் ஒண்ணு வாங்கலாமா? வேலை முடிஞ்சு வந்து நின்னு நின்னு கழுவ முடியல. இடுப்பு விட்டுப் போகுது."

"என்னம்மா பேசற? அது எவ்வளவு கரண்ட் இழுக்கும்? உலகமே கரண்ட் போதாம தவிக்குது. பெரிய பெரிய கம்ப்யூட்டர் நிலையத்துக்கே கரண்டுக்கு அல்லாடறாங்களாம். உன் பாத்திரத்துக்கு எங்கே போறது?"

"ஏசிக்கு மட்டும் எங்கேருந்து வருது?"

"நல்லவேளை ஞாபகப்படுத்தினே! ஏசிக்கும் இன்னியிலிருந்து சட்டம். ராத்திரி படுக்கும்போதுதான் போடணும். பகல்ல யார் போட்டாலும் இந்த வீட்டுப் பாத்திரம் மொத்தமும் அவங்கதான் கழுவணும். ஆயுசுக்கும்!"

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்! சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்."

"சரிங்க" என்றாள்.

இந்தச் "சரிங்க" பற்றிக் கல்யாணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரமே மகள் மாட்டினாள். விடுமுறை நாளில் மத்தியானம் ஏசி போட்டுக்கொண்டு படம் பார்த்தாள். சின்னப் பெண், முதல் குற்றம் என்று தண்டனையை ஒரு வாரமாகக் குறைத்தேன். என் இளகிய மனசு அப்படி. அவள் பாத்திரம் தேய்க்கும்போது பின்னால் நின்றுகொண்டு, மின்சாரத்தின் அருமை பற்றி நாலு வார்த்தை சொன்னேன். அவள் ஒரு கிண்ணத்தைத் தேய்த்த வேகத்தில் அதன் பூவேலைப்பாடு போயிற்று.

சட்டம் போட்டதோடு நான் நின்றுவிடவில்லை. எங்கள் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் கீழ்வீட்டு டெய்லரின் ஜன்னலில் விழுந்து ஓயாத தகராறு. அந்தக் குழாயை எங்கள் பால்கனியில் ஒரு சின்ன வாளிக்குள் இறக்கியது யார் மூளை? என் மூளை! சுத்தமான தண்ணீர் என்று டெய்லர் மேலே வந்து இஸ்திரிப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு போவார். மிச்சம் பூந்தொட்டிக்கு. சண்டையும் தீர்ந்தது, தண்ணீரும் வீணில்லை. யோசனை சொல்வது என் பொறுப்பு, வாளியைத் தூக்குவது மனைவி பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். அதற்கப்புறம் நான் பால்கனிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது கொஞ்சம் கிட்டே வாருங்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வெளியே விடக்கூடாது.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் எனக்குக் கண் சொக்கும். அறை அடுப்பு மாதிரி கொதிக்கும். ஒற்றெழுத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் எழுத்தெல்லாம் நீந்தும். பிள்ளைகள் படிக்கிற புத்தகம் தப்பாகப் போகலாமா? சமுதாயப் பொறுப்போடு எழுந்து போய் ஏசியைப் போட்டுப் படுத்துவிடுவேன். தினமும்தான். மனைவி வருகிற நேரத்துக்கு முன்னால் எழுந்து, ஜன்னலையெல்லாம் திறந்து அறையைப் பழைய சூட்டுக்குக் கொண்டுவந்து, ரிமோட்டை எடுத்த இடத்திலேயே எடுத்த கோணத்திலேயே வைத்து, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு காகிதத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

"அய்யோ, இப்படி வேர்த்துப் போயிருக்கே!" என்பாள் உள்ளே வரும்போது.

"என்ன செய்யறது, உழைப்பு!" என்பேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் மண்ணை அள்ளிப் போட்டது அந்த அறிவிப்பு. எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் மாட்டப் போகிறார்களாம். எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் செலவானது என்று படம் போட்டு, இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் போனுக்கு அனுப்பிவிடுமாம். எங்கள் வீட்டு இணைப்பு என் மனைவி பேரில்.

ஆயுசுக்கும் பாத்திரம்! என் வாயால் நானே போட்ட சட்டம்! மகள் வேறு பழைய கணக்கைத் தீர்க்கக் காத்திருக்கிறாள். அதனால்தான் வெங்காயம் உரிக்கிற வேளை என்றும் பார்க்காமல் அந்தப் பிரகடனம்.

"அது மீட்டர் இல்லம்மா, உளவாளி! நாம எப்ப எழுந்திருக்கோம், எப்ப குளிக்கிறோம், எல்லாம் அதுக்குத் தெரிஞ்சிடும்."

"குளிக்கிறதுமா?"

"வெந்நீர் போட்டா கரண்ட் ஏறுமில்ல!"

"அடேயப்பா! அப்ப யாராவது பகல்ல படுத்துத் தூங்கினாக்கூடத் தெரிஞ்சிடுமா?"

எனக்குப் புரை ஏறியது. நான் எதையும் குடித்துக்கொண்டிருக்கவில்லை. வெறும் எச்சிலே ஏறியது.

"அது... அதுவும் தெரியும்னுதான் சொல்றாங்க. யாரு தூங்கறா? ஒரு பேச்சுக்குச் சொல்றேன். ஆனா ஒரு மனுஷனோட தகவல் அவனுக்குத்தான் சொந்தம். அவன் சம்மதம் இல்லாம அதை யாரும் தொடக்கூடாது!"

"நீங்க சொல்றது நியாயம்தாங்க. இத்தனை நாளா இது எனக்கு உறைக்கவே இல்லையே" என்று வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "இனிமே அப்படியே நடந்துக்கறேன்."

எவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டாள்! நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பூரித்துப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது.

"ராத்திரிக்கு என்ன சமையல்?"

"அது எதுக்குங்க உங்களுக்கு இப்பவே? தேவையான தகவல் தேவையான நேரத்துல தட்டுல வரும்."

"என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எங்கே?"

"அதோட இருப்பிடத்தை வெளியிட எனக்கு அனுமதி இல்லையே!"

கண்ணாடி இல்லாமல் அன்றைக்கு ஒரு அத்தியாயத்தையே குத்துமதிப்பாகத் திருத்தினேன். கடைசியில் அது ஃப்ரிட்ஜ் மேலே இருந்தது. அதை அங்கே வைத்த புண்ணியவான் நான்தான்.

அப்பா மேல் பாசமுள்ள மகள் சும்மா இருப்பாளா? வைஃபை வேலை செய்யவில்லை என்று போனால், "பாஸ்வேர்டை மாத்திட்டேம்ப்பா" என்றாள்.

"நல்ல காரியம்! என்னன்னு சொல்லு."

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க?"

"நான் உன் அப்பாடி!"

"ஏமாத்தறவன் முதல்ல அப்படித்தான் சொல்லுவான்னும் சொல்லியிருக்கீங்க."

"நேர்ல நிக்கறேனே, கண்ணு தெரியலையா?"

"இப்பெல்லாம் முகத்தை அப்படியே போலியா செஞ்சிடறாங்கன்னு நேத்து காலையிலதான் நீங்களே வாசிச்சுக் காட்டினீங்க. எதுக்கும் ஒரு அடையாள அட்டை கொண்டாங்கப்பா."

காட்டினேன். என்ன செய்வது? அட்டையில் இருக்கிற படம் என்னைப் போல இல்லை என்று சொல்லிவிட்டாள்.

பொறுத்துக்கொண்டேன். பெரிய லட்சியத்துக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்? ஒரு காலைவேளை, மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மீட்டர்காரர் பெட்டியோடு வந்து நின்றார்.

"சார், மீட்டர் மாத்தணும்."

"எங்களுக்கு வேண்டாம். இங்க எப்ப மிக்ஸி ஓடுது, எப்ப விளக்கு எரியுதுன்னு உங்க பெட்டி ஊரெல்லாம் தண்டோரா போடும்."

"உங்க மிக்ஸியைப் பத்தி யாரு சார் கவலைப்படப் போறாங்க?"

"எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும்!"

மீட்டர்காரர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். "இணைப்பு மேடம் பேர்லதானே இருக்கு? நீங்க சொல்லுங்க மேடம்."

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். "அவர் வேண்டாம்னா விட்டுடுங்க. எங்க வீட்டுக்கு அது தேவையும் இல்ல."

மீட்டர்காரர், அப்புறமாக வந்து பார்க்கிறேன் என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. இவளுக்கா பயந்தேன்! தங்கம்! அந்த நன்றியோடு, மத்தியானம் சாப்பிடுவதற்கு முன்னாலேயே ஏசியை ஆகக் குறைந்த குளிரில் வைத்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். வெற்றித் தூக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? கனவுகூட வராது.

மனைவி வருவதற்குள் வழக்கம்போல எல்லாத் தடயத்தையும் அழித்துவிட்டேன். அவள் வந்து கைப்பையைக்கூட வைக்கவில்லை, பின்னாலேயே கீழ்வீட்டு டெய்லர் மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் சொட்டச் சொட்ட ஒரு சட்டை.

"அக்கா, என்னக்கா இது? உங்க வாளி நிறைஞ்சு வழிஞ்சு, ஜன்னல்ல மாட்டியிருந்த துணியெல்லாம் நாசம்! இன்னிக்கு டெலிவரிக்கா!"

எனக்குக் கோபம் வந்தது. நான் வடிவமைத்த திட்டமாயிற்றே! பால்கனிக்கு ஓடினேன். வாளி தளும்பிக்கொண்டிருந்தது.

"யாரு இப்படி ஒரு வாளித் தண்ணியை நிரப்பி வெச்சது?" என்று அதட்டினேன்.

"நீங்கதான்" என்றாள் மனைவி.

"நானா?"

"ஒரு நிமிஷம், வலிக்காது" என்று வாளியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். "ராத்திரித் தண்ணியைத் தினமும் காலையில தொட்டிக்கு ஊத்திடுவேன். சாயங்காலம் வந்து பார்த்தா மறுபடி வாளியில தண்ணி நிக்கும். பகல்ல ஏசி ஓடாத வீட்டுல அது எங்கேருந்துங்க வந்துச்சு?"

டெய்லர் விவரம் புரியாமல் எனக்கு ஆதரவாகப் பேசினார்.

"சாரை ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. அவர் மத்தியானம் ஏசி போட்டுத் தூங்கறதாலதான் என் இஸ்திரியே ஓடுது. போன மாசம் ரெண்டு நாள் வாளி காலியா இருந்துச்சு. சாருக்கு உடம்பு சரியில்லையோன்னு எங்க வீட்டுல எல்லாருமே கவலைப்பட்டோம்!"

என் ரகசியம் கீழ்வீட்டில் குடும்பத்தோடு அனுபவிக்கப்பட்டிருக்கிறது! டெய்லர் தன் கேனை நிரப்பிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"என் தூக்கம் என் சொந்தத் தகவல்! என் சம்மதம் இல்லாம நீ எப்படி அதைச் சேகரிக்கலாம்?"

"நான் எங்கேங்க சேகரிச்சேன்? அதுவா சொட்டுச்சு."

"சரி, தினமும் காலி பண்ற வாளி இன்னிக்கு மட்டும் ஏன் வழிஞ்சுது?"

"உங்க தகவலைச் சம்மதம் இல்லாம யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னீங்களே. அதான் இன்னிக்குக் காலையில வாளியை நான் தொடவே இல்ல."

உள்ளேயிருந்து மகள் வந்தாள். கையில் பாத்திரம் தேய்க்கும் நார். அதை இரண்டு கைகளாலும் ஏந்தி, பரிசு வழங்குவதுபோல எனக்குக் கொடுத்தாள். "சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்ப்பா."

"முதல் குற்றம்தானே, குறைக்கக் கூடாதா?" என்று கெஞ்சினேன்.

"இது எத்தனையாவதுன்னு வாளியைக் கேட்டுப் பார்க்கலாமா?" என்றாள் மனைவி.

கேட்க வேண்டாம் என்று நார்க்கட்டோடு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

நேற்று தண்ணீர் எடுக்க வந்த டெய்லர், அடுக்களைப் பக்கம் காதைக் கொடுத்துவிட்டு, "என்னக்கா, ராத்திரியானா கடகடன்னு ஒரே சத்தம்? பாத்திரம் கழுவற மெஷின் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா. கரண்ட் இழுக்காது, இன்டர்நெட் வேண்டாம், ஒரு தகவலும் வெளியே போகாது" என்றாள் மனைவி.

"அப்படி ஒண்ணு வந்திருக்கா! எப்ப வாங்கினீங்க?"

"என் கல்யாணத்தப்பவே வந்ததுதான். இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கு."