பறக்கும் படையும் மரகதவல்லி மைனாவும்

ஒரு காட்டில் வானம் சும்மா கிடந்தது. எதுவும் சும்மா கிடந்தால் அரசாங்கத்துக்குக் கை அரிக்கும். உடனே வான்வழித் துறை என்று ஒன்றைத் தொடங்கி, துள்ளிக் குதிக்கக்கூடத் தெரியாத எருமை ஏகாம்பரத்தை அதற்கு இயக்குநராக்கியது. உரிமம் இல்லாமல் யாரும் பறக்கக் கூடாது என்று விதி வந்தது. உரிமத்துக்குத் தேர்வு உண்டு. தேர்வின்போது ஆய்வாளர் முதுகில் உட்கார்ந்து வருவார். ஆய்வாளர் யானை.

அந்தக் காட்டில் ஒரு பனைமரப் பொந்தில் மரகதவல்லி என்ற மைனா குடியிருந்தது. பொந்துக்குள் குஞ்சுகள் எந்நேரமும் வாயைப் பிளந்தபடி கிடக்கும். மைனா தேர்வுக்குப் போனது, யானையைப் பார்த்தது, பேசாமல் திரும்பி வந்து வழக்கம்போலப் பறந்து இரை தேடியது.

துறை அதைச் சிறையில் போட நினைத்தது. ஆனால் காட்டுச் சிறைக்குக் கூரை கிடையாது. அதனால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்குவது என்று முடிவானது. நீதிபதி ஓர் உடும்பு. ஒரு சொல்லைப் பிடித்தால் விடாது. வழக்கு முடியும்வரை உரிமம் இல்லாத எவரும் பறக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்து, நீண்ட வாய்தாவும் கொடுத்தது. தடையை மீறுகிறார்களா என்று பார்க்கத் துறையின் பறக்கும் படை பனையடிக்கு வந்தது. படை என்றால் எருமைகள்தான். அசைபோட்டபடி நின்றன.

மேலே குஞ்சுகள் கத்தின. இரை தேடக் கீழே இறங்கியிருந்த தாயால் பறந்து மேலே போக முடியவில்லை. புழுவைக் கவ்விக்கொண்டு பனையில் ஏறிப் பார்த்தது, சறுக்கி விழுந்தது. வேறு வழியில்லாமல் நீதிமன்றத்துக்கு நடந்தே போனது.

"ஐயா, என் குஞ்சுங்க பசியில செத்துடும். நான் தடைக்குக் கட்டுப்பட்டு நடந்துதான் வந்திருக்கேன். ஆனா என் மரத்தடியில பறக்கும் படை நிக்குது. அவங்ககிட்ட உரிமம் இருக்கா?"

உடும்பு 'பறக்கும்' என்ற சொல்லைக் கவ்விக்கொண்டது. அரசு வக்கீலான நரி, அது வெறும் பெயர்தான், எருமை எங்காவது பறக்குமா என்று சிரித்தது.

"அப்ப அரசாங்கம் பொய்ப் பேர் வெச்சிருக்குன்னு எழுதிக்கவா?" என்று கேட்டது உடும்பு.

நரிக்கு வேர்த்துவிட்டது. பறக்கும் என்றால் உரிமம் எங்கே என்பார்கள். பறக்காது என்றால் இத்தனை நாள் என்னத்தைக் கிழித்தது என்பார்கள். ஓடிப்போய், மறுநாளே விதியில் ஒரு திருத்தத்தோடு வந்தது. பறத்தல் என்பது, துறையின் எருமைகள் செய்வதுபோல, தரையில் காலூன்றி நகர்வதாகும். எருமைகளுக்கெல்லாம் அன்றே உரிமம் கிடைத்தது. இயக்குநர் ஏகாம்பரத்துக்கு மாலை போட்டார்கள். அது அதைத் தின்றுவிட்டது.

திருத்தத்தைப் படித்த உடும்பு, மைனா இறக்கையடித்து மேலே போவது பறத்தல் ஆகாது, ஆகவே அதற்குத் தடை பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. மைனா ஒரே மூச்சில் பொந்துக்குப் போய்க் குஞ்சுகளுக்கு ஊட்டியது. சந்தோஷத்தில் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

பாவம், தீர்ப்பின் கடைசி வரியைக் கேட்காமல் கிளம்பிவிட்டது. தடை இருந்தபோதே மைனா நீதிமன்றம்வரை நடந்து வந்திருக்கிறது, அதாவது உரிமம் இல்லாமல் பறந்திருக்கிறது. குடும்பத்தில் யாராவது இனித் தரையில் கால் வைத்தால் நீதிமன்ற அவமதிப்பு. இந்தச் சேதியைப் பறக்கும் படைதான் பனையடியில் நின்று சொல்லிவிட்டுப் போனது.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. மூத்தது ஒருநாள் கீழே குதித்து, புல்லில் தத்தித் தத்தி நடந்தது. மரகதவல்லிக்கு உயிரே போய்விட்டது.

"பறக்காதடா கண்ணு, கோர்ட்டுக்கு இழுத்துடுவாங்க. மேல வந்து ஒழுங்கா நட!"

நீதி: இறக்கை இருந்தால் மட்டும் போதாது, பறப்பது என்றால் என்னவென்று எருமையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.