போஸ்ட்மோட்டம் மாஸ்டரும் பீதியில் விழுந்த பெட்டியும்

செத்த கம்ப்யூட்டரை எழுப்புவதைவிட, அது ஏன் செத்தது என்று விசாரிப்பதில் இன்பம் காண்கிற மனிதர் புளத்கொகுபிட்டியவில், ஏன், உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கம்ப்யூட்டர் வகுப்பு மாஸ்டர். ஊர் வைத்த பெயர் 'போஸ்ட்மோட்டம்'.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் கொழும்பு நிறுவனம் ஒன்று லினக்ஸ் ஏற்றிய ஒரே ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வகுப்புக்குத் தந்திருந்தது. அதற்குப் பொறுப்பாளர் நான். என் கணினி அறிவு பிளக்கில் தொடங்கி சுவிட்சில் முடிந்துவிடும்.

திடீரென்று பெட்டி அடிக்கடி விழ ஆரம்பித்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கீபோர்டில் விளக்குகள் கண் சிமிட்டும். ரீசெட்டை அமுக்கப் போனேன். மாஸ்டரிடமிருந்து கையில் ஒரு அடி விழுந்தது.

"தொடாதீங்க! 'கெர்னல் பேனிக்'னு, பீதியில விழுந்துட்டேன்னு எழுதியிருக்கு பாருங்க. சாகப்போறப்ப மரண வாக்குமூலம் குடுக்குது. அத வாசிக்காம எழுப்புவீங்களா?"

"பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க மாஸ்டர்."

"ஒங்கள மாதிரி ஆளுங்களாலதான் நாடு இப்படிக் கெடக்கு."

முதலில் மெமரியைச் சந்தேகித்தார். ஒரு பகல் முழுக்கச் சோதனை, நிரபராதி. அடுத்து கரண்டை. அடுத்து என்னை. இதற்குள் கொழும்பிலிருந்து தகவல்: திங்கட்கிழமை ஆள் வருகிறார், தோட்டத்து ஆட்கள்தான் பழுதாக்கியது என்றால் பெட்டியைப் பிடுங்கிக் கேகாலைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கடைசியில் மாஸ்டர் பெட்டி தானாக எழுதிவைத்த பதிவுகளைக் கிளறி, ஒவ்வொரு முறையும் விழுமுன் சூடு ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார். பெட்டியைத் திறந்தால், விசிறி அசையாமல் நிற்கிறது. அதை அடைத்துக்கொண்டு திருநீறு! வெள்ளிக்கிழமைதோறும் பெட்டிக்குப் பூசை போட்டவர் எங்கள் தோட்டத் தலைவர்.

"தலைவரே, இது பெட்டியா, உண்டியலா? ஓட்டைக்குள்ள ஏன் போட்டீங்க?"

"மூளை உள்ளுக்குத்தானே இருக்கு மாஸ்டர். வெளிய பூசி என்னத்துக்கு?"

விசிறி நின்றது அதனால்தான் என்று மாஸ்டர் சொன்ன பிறகுதான் தலைவருக்கு விஷயம் உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப பெட்டி என்னாலயா போகப்போவுது?" அந்தப் பெட்டியைத் தோட்டத்துக்கு வாங்க நடையாய் நடந்தவரே அவர்தான்.

விசிறியைத் துடைத்ததும் பெட்டி பிழைத்தது. திங்கட்கிழமை வந்த அதிகாரி சிங்களத்திலும் தமிழிலுமாகக் கேட்டார்: "மொகத வுணே, மாஸ்டர்? என்ன நடந்தது?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஆளை விடமாட்டார் என்பதால் நான் உட்காரக் கதிரை தேடினேன். கதவோரம் தலைவர் வியர்த்து நின்றார்.

"தன்னே நே, சேர்," என்றார் மாஸ்டர். தெரியாதாம்! "தானா சரியாகிருச்சு."

"லினக்ஸ் தெரிஞ்ச ஆளுன்னு சொன்னாங்களே?" என்று அதிகாரி சிரித்தார். மாஸ்டர் தலை குனிந்து அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டார். பெட்டி எங்களிடமே இருந்துவிட்டது.

காரணம் தெரியாத மனிதராக அவரை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.